ஏசிக்கு வாசனை மருந்து, பிரேக்குக்குப் பட்டை நாமம்

"காரை எங்க சர்வீஸ் விடறீங்க?"

இந்தக் கேள்வியை யாரைக் கேட்டாலும் ரெண்டே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "கம்பெனியிலதாங்க. காசு கூடப் போனாலும் மனசுக்கு நிம்மதி." இன்னொண்ணு, "கம்பெனிக்காரன் கொள்ளையடிப்பான் சார், நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், தங்கமான மனுஷன்." அஞ்சு வருஷம் நான் முதல் கோஷ்டியில இருந்தேன். அப்புறம் கொஞ்ச நாள் ரெண்டாவது கோஷ்டி. இப்போ ரெண்டு கோஷ்டியோடயும் டூ விட்டாச்சு. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். பொறுத்துக்கோங்க.

2023 மே மாசம். பசங்களுக்கு லீவு. தங்கமணி, ரெண்டு வாண்டுகள், மாமியார், நான். அஞ்சு பேரும் மூட்டை முடிச்சோட என்னோட சின்ன ஹேட்ச்பேக்ல ஏற்காடு கிளம்பினோம். கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் சர்வீஸ் முடிஞ்சிருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டர், 14,860 ரூபாய் பில். "மலைக்குப் போறோம் சார், நல்லா பாத்துக் குடுங்க"ன்னு வேற சொல்லித்தான் விட்டேன். "கவலையே படாதீங்க சார், டிப் டாப்பா இருக்கும்"னு டை கட்டின தம்பி சொன்னார். உள்ளே உக்காந்தா டேஷ்போர்டு பளபளன்னு இருந்தது, ஏசியைப் போட்டா எலுமிச்சம்பழ வாசனை வந்தது. நானும் உச்சி குளிர்ந்து போயிட்டேன்.

ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. ரெண்டு நாள் சுத்திட்டு இறங்கும்போதுதான் ஏழரை. சேலம் பக்கம் இறங்கற அந்த ரோட்டில 20 கொண்டை ஊசி வளைவு. நான் மூணாவது கியர்லயே வெச்சுக்கிட்டு பிரேக்கை மிதிச்சு மிதிச்சு இறங்கினேன். எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்குன்னு எங்கப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். கேட்டாத்தானே? அது என் தப்பு, ஒத்துக்கறேன்.

பாதி வளைவு தாண்டியிருப்போம். அடுத்த வளைவுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சா, பெடல் பஞ்சு மூட்டையில கால் வெச்ச மாதிரி அப்படியே தரையைத் தொட்டுச்சு. வண்டி நிக்கலை. திரும்ப மிதிச்சேன். நிக்கலை. எதிர்ல ஒரு பஸ் ஹார்ன் அடிச்சுக்கிட்டு ஏறி வருது. பின்னாடி சீட்ல பெரியவன் இன்னும் ஏதோ பாட்டுப் பாடிக்கிட்டிருக்கான். கியரை ரெண்டு, அப்புறம் ஒண்ணுன்னு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலையோரமா இருந்த சாக்கடைப் பள்ளத்துல இடது பக்கச் சக்கரத்தை இறக்கித்தான் வண்டியை நிறுத்தினேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. மாமியார் முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. தங்கமணி ஒரு வார்த்தை பேசலை. கல்யாணமான இத்தனை வருஷத்துல அவங்க பேசாம இருந்து நான் பயந்தது அன்னிக்குத்தான்.

பின்னாடி வந்த ஒரு லாரி டிரைவர் நிறுத்தி இறங்கி வந்தார். சக்கரத்துக்கிட்ட மூக்கை வெச்சு மோந்து பார்த்தார். "பிரேக்கு கொதிச்சுப் போச்சுங்க தம்பி. அரை மணி நேரம் ஆற விடுங்க, தானா வந்துரும். அப்புறம் ஒண்ணாவது கியர்லயே உருட்டிக்கிட்டுப் போங்க. சேலம் போனதும் பிரேக் ஆயிலை மாத்திருங்க"ன்னார். அவர் சொன்ன மாதிரியே ஆற ஆறப் பெடல் திரும்ப மேலே வந்தது. சேலத்துல ஒரு சின்ன ஷெட். அங்கிருந்த மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி: "பிரேக் ஆயிலு எப்பங்க கடைசியா மாத்துனீங்க?"

"ரெண்டு வாரம் முன்னாடிதான் சர்வீஸ் பண்ணினேன்."

"சர்வீஸ் கேக்கலைங்க. பிரேக் ஆயில் எப்பன்னு கேட்டேன்."

என்கிட்ட பதில் இல்லை. மாத்தினார். ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 750 ரூபாய். 

இப்போ கொஞ்சம் விஞ்ஞானம். தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க. பிரேக் ஆயில்னு நாம சொல்றது உண்மையில எண்ணெயே கிடையாது. நம்ம கார்கள்ல இருக்கறது கிளைக்கால் வகைத் திரவம். அதுக்கு ஒரு கெட்ட பழக்கம், காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஓடினாலும் உறிஞ்சும், ஷெட்ல நின்னாலும் உறிஞ்சும். டாட் 4 வகையை எடுத்துக்கிட்டா, புதுசா இருக்கும்போது அது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு விதி. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிடும். டாட் 3-ன்னா 205-லேர்ந்து 140. மலையில பிரேக்கை விடாம மிதிச்சா அந்தச் சூடு சாதாரணமா வரும். திரவம் கொதிச்சா ஆவி. ஆவியை அழுத்தலாம், ஆனா அது பிஸ்டனைத் தள்ளாது. பெடல் தரைக்குப் போயிடும். ஹேண்ட் பிரேக் கேபிள்ல வேலை செய்யறதால அது மட்டும் பிடிக்கும். அன்னிக்கு எங்க அஞ்சு பேர் உசுரும் அந்த ஒரு கம்பியிலதான் தொங்கிட்டிருந்தது.

சென்னை வந்து சேர்ந்ததும் நான் செஞ்ச முதல் வேலை, அஞ்சு வருஷ பில்லையும் சாப்பாட்டு மேசையில பரப்பினது. 2018-ல் வண்டி வாங்கினதுலேர்ந்து ஒரு சர்வீஸ் விட்டதில்லை. ஒரு பில்லைத் தொலைச்சதில்லை. (நான் அவ்வளவு ஒழுங்கான கஸ்டமர்!) பென்சிலை வெச்சுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சேன்.

ஏசிக்கு வாசனை மருந்து அடிச்சது: 4 தடவை.
த்ராட்டில் பாடி சுத்தம் செஞ்சது: 4 தடவை.
இன்ஜின் ஃப்ளஷ்: 3 தடவை.
டேஷ்போர்டு பாலிஷ்: 5 தடவை.
பிரேக் ஆயில் மாத்தினது: பூஜ்யம்.

அடப்பாவிகளா!

வண்டியோட கொடுத்த கையேட்டைத் தேடி எடுத்தேன். டேஷ்போர்டுக்குள்ள பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம இருந்தது. பின்பக்கம் ஒரு அட்டவணை. பிரேக் ஆயில், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். அதாவது 2020-ல் ஒண்ணு, 2022-ல் ஒண்ணு. நான் பிரிச்சுப் படிச்சேனா? இல்லை. அவங்க மாத்தினாங்களா? அதுவும் இல்லை. ஆனா ஒவ்வொரு பில்லோடயும் பின் பண்ணின செக் லிஸ்ட் இருக்கு பாருங்க, அதுல "பிரேக் ஆயில்" வரிக்கு நேரா, அஞ்சு வருஷமும், அழகா ஒரு டிக். ஓகேவாம்.

பில்லையெல்லாம் தூக்கிக்கிட்டு நேரா போனேன். மேனேஜரை வரச் சொன்னாங்க. காபி வந்தது. பொறுமையாக் கேட்டுட்டு மனுஷன் சொன்ன பதில், இன்னும் காதுல ஒலிக்குது:

"சார், அதெல்லாம் கஸ்டமர் கேட்டாத்தான் சார் மாத்துவோம். நீங்க கேக்கலையே."

"அப்போ ஏசிக்கு வாசனை மருந்து நான் கேட்டேனா?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் தட்டிட்டு, அடுத்த சர்வீஸுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தர்றேன்னார். எழுந்து வந்துட்டேன். காபி மட்டும் நல்லா இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இதை நான் அந்த மேனேஜரோட கெட்ட புத்தின்னு சொல்ல வரலை. அவருக்கு என் மேல என்ன விரோதம்? முன்னாடி இந்த மாதிரி ஒரு இடத்துல அட்வைசரா இருந்த தெரிஞ்ச தம்பி ஒருத்தர் விளக்கினார். கார்ல கை வெக்கறவர் வேற, நம்மகிட்ட பேசறவர் வேற. பேசறவருக்கு மாசா மாசம் இலக்கு உண்டு. வாசனை மருந்து இத்தனை, ஃப்ளஷ் இத்தனை, கோட்டிங் இத்தனைன்னு. அதுக்குத்தான் ஊக்கத்தொகை. பிரேக் ஆயில் மாத்தறதுக்கு ஒரு ஆளு, கொஞ்சம் நேரம், கொஞ்சம் பொறுமை எல்லாம் வேணும், கிடைக்கறது சொற்பம். வாசனை மருந்துக்கு ஒரு டப்பா, ரெண்டு நிமிஷம். நீங்க அந்த நாற்காலியில இருந்தா எதை விப்பீங்க? அந்தத் தம்பி பாவம், உண்மையைச் சொல்லிட்டார்.

என் 14,860-ல் 8,450 ரூபாய் இப்படிப்பட்ட "ட்ரீட்மென்ட்"டுக்குப் போயிருந்தது. அண்டர்பாடி கோட்டிங், டிகார்பனைசிங், ஃப்ளஷ், த்ராட்டில் பாடி, ஏசி மருந்து, பாலிஷ். ஒவ்வொண்ணுக்கும் எப்போவாவது ஒரு தேவை வரலாம். ஐடிலிங்ல வண்டி நடுங்கினா த்ராட்டில் பாடியைச் சுத்தம் பண்ணட்டும், வேண்டாம்னா சொல்றேன்? நோயே இல்லாதவனுக்கு வருஷா வருஷம் ஏன் மருந்துங்கறதுதான் கேள்வி. என் கையேட்டு அட்டவணையில இந்த ஆறுல ஒண்ணுகூட இல்லை. வண்டியைச் செஞ்ச இன்ஜினியருக்குத் தெரியாத வைத்தியம் டை கட்டின தம்பிக்கு எப்படித் தெரிஞ்சது?

இந்த இடத்துல ரெண்டாவது கோஷ்டி கை தட்டும். "அதான் சார் அப்பவே சொன்னோம்! தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட விடுங்க!"

கொஞ்சம் இருங்க, கைதட்டலை நிறுத்துங்க. உங்களுக்கும் இருக்கு.

கம்பெனியோட சண்டை போட்டுட்டு வீராப்பா நான் போனது எங்க ஏரியாவுல பேர் போன ஒரு மெக்கானிக்கிட்ட. முப்பது வருஷ அனுபவம். என்ஜின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்லுவாராம். எங்கப்பாவோட பத்மினி காலத்துல அப்படிப்பட்டவர்தான் எங்க குடும்ப டாக்டர். கார்புரேட்டரைக் கழட்டி ஊதி மாட்டிட்டா வண்டி குதிரை மாதிரி ஓடும். அந்த நினைப்புலதான் போனேன். ஆயில் மாத்தணும்னேன். 20டபிள்யூ-40 டப்பாவை எடுத்தார்.

"அண்ணே, கையேட்டுல 0டபிள்யூ-20ன்னு போட்டிருக்கே?"

"அதெல்லாம் தண்ணி மாதிரி இருக்கும் சார். நம்ம ஊர் வெயிலுக்குத் திக்காத்தான் ஊத்தணும். இன்ஜினுக்கு நல்லது."

நல்லது இல்லைங்க. இப்போ வர்ற என்ஜின்கள்ல ஆயில் போற சந்துகள் குறுகல். அந்த மெல்லிசான ஆயிலுக்குன்னே இடைவெளியை அளந்து வெச்சிருக்காங்க. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் மேல் பாகத்துக்குச் சட்டுனு ஏறணும். திக்கான ஆயில் மெதுவா ஏறும், மைலேஜையும் குடிக்கும். முப்பது வருஷ அனுபவம் பத்மினிக்குச் சரி, என் வண்டிக்கு அது அனுபவம் இல்லை, பழக்கம். அடுத்து பிரேக் ஆயில் பத்திக் கேட்டேன். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துட்டு, "கலர் நல்லாத்தானே இருக்கு, அடுத்தவாட்டி பாத்துக்கலாம்"னார். அது நான் சேலத்துல புதுசா மாத்தினது, நல்லாத்தான் இருக்கும். ஆனா கலரைப் பார்த்து ஈரத்தைச் சொல்லிட முடியுமா? ஈரத்துக்கு ஏதுங்க நிறம்? அதுக்குன்னு பேனா மாதிரி ஒரு சோதனைக் கருவியே இருக்கு. இல்லாட்டி ரெண்டு வருஷக் கணக்கை வெச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு மாத்தணும்.

அவர் ஃபில்டர் வாங்கிட்டு வரச் சொன்ன கடையும் ஒரு கதை. சென்னையில ஜிபி ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். அங்கே ஒரிஜினலும் கிடைக்கும், ஒரிஜினல் மாதிரியே அச்சடிச்ச டப்பாவுல வேற ஏதோவும் கிடைக்கும். நல்ல மெக்கானிக்குக்கு வித்தியாசம் தெரியும். கமிஷன் வாங்கற மெக்கானிக்குக்கும் தெரியும். அதான் சிக்கலே.

ஆக, ஒரு இடத்துல வேணாததை வித்தாங்க. இன்னொரு இடத்துல வேணுங்கறதை வேண்டாம்னாங்க. ரெண்டு இடத்துலயும் பிரேக் பிரேக்காவேதான் இருந்தது, யாரும் அதைத் தொடலை. போர்டைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கறதுதான் நாம பண்ற முதல் முட்டாள்தனம்னு எனக்கு அப்போதான் உறைச்சது. பெரிய கண்ணாடிக் கட்டடமா, தகர ஷெட்டாங்கறது கேள்வியே இல்லை.

"ஆனா வெளியில விட்டா வாரண்டி போயிடுமே?"ன்னு கேப்பீங்க. இந்த பூச்சாண்டிக்கு ஒரு வரலாறு இருக்கு. 2011-ல் ஒருத்தர் இந்தியப் போட்டி ஆணையத்துக்கிட்ட ஒரு புகார் குடுத்தார். கார் கம்பெனிகள் ஒரிஜினல் உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம வெச்சிருக்காங்கன்னு. 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஆணையம் தீர்ப்புச் சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். அதோட, பாகங்களும் கருவிகளும் வெளியில கிடைக்கணும், வெளியில வேலை பார்த்தாங்கங்கற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக் கூடாது, வெளி வேலையால ஏற்பட்ட பழுதுக்கு மட்டும் வேணா மறுக்கலாம்னு உத்தரவு. கம்பெனிகள் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம்னு போனாங்க, அது வருஷக்கணக்கா இழுத்தது. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை "பழுது பார்க்கும் உரிமை"க்கு ஒரு குழு போட்டப்பவும் வாகனங்கள் அந்தப் பட்டியல்ல இருந்தது.

இதைச் சொன்னதால வாரண்டியில இருக்கற வண்டியை நாளைக்கே கம்பெனியிலேர்ந்து பிடுங்கிடுங்கன்னு நான் சொல்லலை. என் மச்சினர் போன வருஷம் புது வண்டி எடுத்தார். "மாமா, எங்க விடட்டும்?"னு கேட்டார். கம்பெனியிலயே விடுங்க மாப்ளேன்னுதான் சொன்னேன். இலவச சர்வீஸ் இருக்கு, வாரண்டிச் சண்டையில ஆவணம் நம்ம பக்கம் இருக்கணும், ரீகால் வந்தா அங்கதான் காசில்லாம மாத்தித் தருவாங்க. மின்சாரக் கார்னா இன்னும் கண்டிப்பாச் சொல்வேன். ஆரஞ்சுக் கலர்ல ஓடற அந்த ஒயர்ல பாயறது உயர் மின்னழுத்தம், பயிற்சி இல்லாதவர் கை வெச்சா ஆளே காலி. ஆனா மச்சினர்கிட்ட இன்னொண்ணும் சொன்னேன். கையேட்டு அட்டவணையோட ஜெராக்ஸைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. "இதுல இருக்கறதை ஒண்ணு விடாமச் செய்யுங்க, இதுல இல்லாத ஒண்ணையும் என்னைக் கேக்காமச் செய்யாதீங்க"ன்னு ஜாப் கார்டுலயே எழுத வெச்சுக் கையெழுத்துப் போடுங்கன்னேன். முதல் சர்வீஸ் பில்லை அனுப்பிக் காட்டினார். வாசனை மருந்து இல்லை :-)

அப்போ நான் எங்க விடறேன்? குரோம்பேட்டையில ஒரு சின்ன ஷெட். அதைக் கண்டுபிடிக்க நாலு இடம் ஏறி இறங்கினேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன்னு சொல்றேன், உங்க ஊர்லயும் பலிக்கும்.

1. "வேண்டாம்" பரீட்சை. வண்டியில ஒரு கோளாறும் இல்லாதப்போ போய், "அண்ணே, த்ராட்டில் பாடி க்ளீன் பண்ணிடலாமா?"ன்னு கேளுங்க. முதல் மூணு இடத்துலயும் "பண்ணிடலாம் சார்!" நாலாவது இடத்துல ஓனர் ஒரு நிமிஷம் என்ஜினை ஓட விட்டுக் கேட்டுட்டு, "எதுக்கு சார்? ஐடிலிங் ஒழுங்கா இருக்கே. காசை வெச்சுக்கோங்க, அடுத்த வருஷம் டயர் மாத்த வேண்டியிருக்கும்"னார். வர்ற காசை வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சவர் கையில என் சாவியைக் குடுக்கலாம்.

2. சந்தேகம் வந்தா புத்தகத்தைப் பார்க்கறாரா? என் ஆயில் கிரேடைக் கேட்டதும் அவர் வாயால அளக்கலை. "கையேடு வெச்சிருக்கீங்களா சார்?"னு கேட்டு வாங்கிப் பார்த்தார். தெரியாததைப் பார்த்துச் செய்யறவர்தான் தெரிஞ்சவர்.

3. கழட்டின பாகம் என் கைக்கு வரணும். பழைய ஃபில்டர், பழைய பிரேக் பேட், புதுசு வந்த டப்பா, எல்லாம். "தூக்கிப் போட்டுட்டோம் சார்"ங்கற இடத்துக்கு ரெண்டாவது தடவை போகாதீங்க.

4. கை வெக்கறவரோட பேச முடியணும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் வண்டி, நடுவுல டைன்னா வேலைக்கு ஆகாது.

5. சக்கரத்து நட்டை எப்படி இறுக்கறாங்கன்னு பாருங்க. டார்க் ரெஞ்ச் வெச்சு அளந்து இறுக்கறாங்களா, இல்ல ஸ்பானர் மேல ஏறி நின்னு குதிக்கறாங்களா? அதே மாதிரி, வண்டியைத் தூக்கி நிறுத்தினதும் அடியில ஸ்டாண்டு வெக்கறாங்களா, இல்ல ஜாக்கை மட்டும் நம்பி ஒரு சின்னப் பையனை அடியில படுக்க விடறாங்களா? வேலை செய்யற பையன் உசுரைப் பத்திக் கவலைப்படாத இடம் உங்க உசுரைப் பத்திக் கவலைப்படும்னு எதிர்பார்க்காதீங்க.

6. பில் வேணும். பாகத்தோட எண், ஆயிலோட கிரேடு, கிலோமீட்டர், தேதி. வெள்ளைத் தாள்ல மொத்தத் தொகை மட்டும் எழுதித் தர்றதை பில்லுன்னு சொல்லாதீங்க.

"இதுக்கெல்லாம் எனக்கு எங்கங்க நேரம்?"னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பையனுக்கு ஸ்கூல் சேர்க்க எத்தனை பேரைக் கேட்டீங்க? பல்லுக்கு வைத்தியம் பார்க்க எத்தனை பேரை விசாரிச்சீங்க? அந்தப் பையனையும் பல்லையும் தூக்கிக்கிட்டு நூறு கிலோமீட்டர் வேகத்துல ஜிஎஸ்டி ரோட்டுல போற சாமானுக்கு, வீட்டுக்குப் பக்கம், பிக்கப் டிராப் உண்டு, ஏசி ஹால் உண்டுங்கறதைப் பார்த்து முடிவு பண்றோம். நானும் அப்படித்தான் பண்ணினேன். அந்த ஹாலோட காபியும் வைஃபையும்தான் எனக்கு அஞ்சு வருஷம் சர்வீஸோட தரமாத் தெரிஞ்சது.

"கம்பெனி ரெக்கார்டு இருந்தாத்தான் ரீசேல்ல விலை போகும்"னு இன்னொரு வாதம். உண்மைதான், மறுக்கலை. வாங்க வர்றவன் முதல்ல அதைத்தான் கேப்பான். ஆனா என் ரெக்கார்டுல என்ன இருந்தது? அஞ்சு வருஷமும் பிரேக் ஆயில் ஓகேன்னு டிக். ஏற்காட்டுக்குப் போகாம நான் அந்த வண்டியை வித்திருந்தா, அந்த டிக்கை நம்பி இன்னொருத்தன் தன் குடும்பத்தை ஏத்திக்கிட்டு மலை இறங்கியிருப்பான். அப்படி வர்ற ரீசேல் காசு எனக்கு வேணாம் சாமி.

கடைசியா, இன்னிக்கே ஒரு வேலை செய்யுங்க. கடைசி ரெண்டு வருஷ பில்லை எடுத்து, பிரேக் ஆயில் "மாத்தினது"ன்னு எங்கேயாவது இருக்கான்னு பாருங்க. டாப் அப் கணக்குல சேராது. டிக் கணக்குல சேரவே சேராது. இல்லைன்னா, நீங்க எந்தக் கோஷ்டியா இருந்தாலும், இந்த வாரமே போய் மாத்திட்டு வாங்க. பக்கத்துல நின்னு பாருங்க. புது டப்பா கண்ணு முன்னாடி உடைக்கணும், ஏன்னா திறந்து வெச்ச டப்பாவும் ஈரத்தை உறிஞ்சும். நாலு சக்கரத்துலயும் பழசு வடியணும். ஒரு குடும்பம் ஓட்டல்ல சாப்பிடற செலவைவிடக் கம்மிதான்.

வர்ட்டா?

பி.கு 1: போன மாசம் திரும்ப ஏற்காடு போயிட்டு வந்தோம். ரெண்டாவது கியர்லயே இறங்கினேன். மாமியார் மட்டும் வரலை. "நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, எனக்கு முழங்கால் வலி"ன்னுட்டாங்க. முழங்காலுக்கும் என் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேக்கலை.

பி.கு 2: குரோம்பேட்டை ஷெட்டோட பேரும் நம்பரும் போட மாட்டேன். அவர் ரெண்டே பசங்களை வெச்சுக்கிட்டு நாளைக்கு மூணு வண்டி பார்க்கறார். முப்பது வண்டி வந்தா அவரும் ஒரு டை கட்டின தம்பியை வேலைக்கு வெக்க வேண்டியிருக்கும்.